மெல்லிய கம்பியும் தமிழ் எழுத்தும்

கடந்த வாரம் வித்துராவில் மூன்று நாள்கள் விடாத மழை. பொன்முடிச் சாலையில் மரம் சாய்ந்து கண்ணாடியிழை வடம் அறுந்தது. கைப்பேசியில் எஞ்சியிருந்த இணைப்பு, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மோடத்தின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. அவ்வேளையில்தான் தென்குமரி வட்டார வழக்கைப் பற்றிய ஓர் ஆய்வேட்டின் ஒரே ஓர் இயல் எனக்குத் தேவைப்பட்டது. அதைத் தன் மின்களஞ்சியத்தில் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். இயலைத் தனியே எடுக்க வழியில்லை. முழு ஏட்டையும் இறக்க முயன்றேன். நாற்பது நிமிடங்களுக்குப் பின் இணைப்பு அறுந்தது. பின்னர் திறந்து பார்த்தால், பக்கங்கள் யாவும் ஒளிவருடிய படங்கள். அவற்றில் ஒரு சொல்லைக்கூடத் தேட இயலாது.

இதைப் புலம்பலாக எழுதவில்லை. அந்த நாற்பது நிமிடங்களில் டயல்-அப் மோடத்தின் வரலாற்றை மீண்டும் நினைத்துப் பார்த்தேன். அதை நாம் தவறாகவே படித்து வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

வழக்கமாக அது ஓர் எண் வரிசையாகச் சொல்லப்படும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். பிறகு 14.4, 28.8, 33.6, இறுதியில் 56. ஏணியின் உச்சியில் அகலப்பட்டை வந்தது, மோடம் பழைய இரும்புக்கடைக்குப் போயிற்று, கதை முடிந்தது. இந்தக் கதையில் கம்பியின் மறுமுனையில் அமர்ந்திருக்கும் மனிதர் எங்குமே இல்லை.

எனக்கு அந்த மனிதரைத் தெரியும். நாகர்கோவிலில் மாமா வீட்டில் 2004 வாக்கில் மோடம் கீச்சிடும் ஒலி கேட்டு நான் கதவோரம் நிற்பேன். வளைகுடாவிலிருந்து அண்ணன் அழைக்கும் நேரத்தில் இணையம் ஓடினால் தொலைபேசி கிடைக்காது. "அவன் கூப்பிட்டு ஓஞ்சு போயிருப்பான்" என்று அத்தை சொல்வது மாமாவுக்கு எந்த வேகக் கணக்கைவிடவும் பெரிய செய்தி.

அந்தக் கீச்சொலியிலிருந்தே தொடங்கலாம். அது வெற்று இரைச்சலன்று. 1994இல் வந்த வி.34 தரத்தின்படி இரு மோடங்களும் முதலில் கம்பியைச் சோதிக்கும். எந்த அலைவெண் சிதைகிறது, எங்கே எதிரொலிக்கிறது என்று அறிந்து, இருவருக்கும் இயன்ற வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். கம்பி மோசமானால் 2.4 கிலோபிட் வரைகூட இறங்கிவரும். உரையாடலின் நடுவிலும் இறங்கும், பின் ஏறும். மொழியியல் மாணவருக்கு இது புதிதன்று. ஹோவார்ட் கைல்ஸ் முன்வைத்த பேச்சு இணக்கக் கோட்பாட்டில் இரு பேச்சாளர்கள் ஒருவரையொருவர் நோக்கி நகர்வதும் இப்படித்தான். வலிமையுள்ளவர் இறங்கிவர வேண்டும் என்பது மோடத்தில் பெருந்தன்மை அன்று, விதி.

33.6இல் ஒரு சுவர் எதிர்ப்பட்டது. தொலைபேசி நிலையத்தில் நம் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு எண்ணாக மாறுகிறது. அந்த மாற்றமே ஓர் இரைச்சலைச் சேர்க்கிறது. ஷானனின் கணக்குப்படி அந்த இரைச்சலோடு அதற்கு மேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 1998இன் வி.90 அந்தச் சுவரை உடைக்கவில்லை, சுற்றிச் சென்றது. சேவையாளரின் முனை ஏற்கெனவே டிஜிட்டலாக இருப்பதால், வீட்டை நோக்கி வரும் தரவுக்கு அந்த மாற்றத்தை ஏன் செய்ய வேண்டும்? ஆகவே வரும் திசையில் 56, போகும் திசையில் பழைய 33.6. வாங்குபவராகவே வீட்டுப் பயனரைக் கருதும் இந்தச் சாய்வு அப்போதே தொடங்கிவிட்டது என்பது என் துணிபு. ஆனால் இடையில் ஒரே ஓர் அனலாக் இணைப்பு குறுக்கிட்டாலும் 56 என்பது பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணாக மட்டுமே நிற்கும். 1984இல் தொடங்கிய சி-டாட் குளிரூட்டி வேண்டாத சிறு டிஜிட்டல் நிலையங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றிராவிட்டால், நம் ஊர்களில் பலவற்றுக்கு இந்த விவாதமே எழுந்திராது. மோடம் தனியே மேம்படுவதில்லை.

2000இல் வந்த வி.92 தான் என் மனத்துக்கு நெருக்கமானது. அது வரும் வேகத்தைச் சிறிதும் கூட்டவில்லை. முந்தைய அழைப்பில் கம்பியைப் பற்றிக் கற்றதை நினைவில் வைத்து, கீச்சொலியின் நேரத்தைச் சுருக்கியது. போகும் திசையை 48 வரை உயர்த்தியது. வேறோர் அழைப்பு வந்தால் இணையத்தை நிறுத்திவைத்துப் பேசிவிட்டுத் திரும்ப வழிசெய்தது. அத்தையின் குறையை ஒரு பன்னாட்டுத் தரக்குழு கேட்டிருக்கிறது! (சேவையாளரும் அதை ஏற்க வேண்டும் என்பதால் மாமா வீட்டுக்கு அது வந்துசேரவில்லை.) அதே குறையைச் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் வேறு வழியில் தீர்த்தது: கம்பியும் மோடமும் இன்றி, 35 கிலோபிட் இணையமும் பேச்சும் ஒரே வேளையில்.

இனித் தமிழுக்கு வருகிறேன். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறிக்கு மூன்று. 'கொ' என்ற ஓர் எழுத்துக்கு ஆறு. தமிழ் ஒருங்குறி பற்றிய விவாதங்களில் இந்த அநீதி பலமுறை பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதே. ஆனால் மோடத்துக்குள் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. வி.42பிஸ் என்ற சுருக்கமுறையும், வி.92 காலத்தில் வந்த வி.44ம், கடந்துசெல்லும் தரவில் திரும்பத் திரும்ப வரும் கோவைகளை அகராதியாகத் தொகுத்துக்கொள்கின்றன. தமிழின் மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே; இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. இவ்வளவு சீரான மிகுதியை அந்த அகராதி விரைவில் கற்றுவிடும். '-க்கிறது', '-களில்' போன்ற ஒட்டுகள் மீண்டும் மீண்டும் வரும் ஒட்டுநிலை மொழிக்கு மேலும் ஆதாயம். மோடத்துக்கு உருபனியல் தெரியாது. ஆயினும் அதன் பயனைத் தமிழுக்குத் தந்தது.

ஒரு நிபந்தனை உண்டு. தமிழ் எழுத்தாகச் செல்ல வேண்டும். எழுத்துருச் சிக்கலுக்கு அஞ்சிப் பக்கத்தைப் படமாக்கி ஏற்றியவர்களுக்கு இந்த உதவி கிட்டவில்லை. ஜிஃப், ஜேபெக் கோப்புகள் முன்பே சுருங்கியவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் காலத்து மோடத்தில் அவை இறங்கின. இன்றும் இறங்கும்.

ஒரு கணக்கு. 300 பக்க ஆய்வேடு, பக்கத்துக்கு 2,000 குறிகள் என்று கொள்வோம். எழுத்தாக வைத்தால் 18 இலட்சம் பைட்டுகள், 33.6 மோடத்தில், எந்தச் சுருக்கமும் இன்றி, ஏறத்தாழ ஏழு நிமிடங்கள். அதையே பக்கத்துக்கு 100 கிலோபைட் படமாக வருடினால் ஏறத்தாழ இரண்டு மணிநேரம். மோடத்தின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் போராடி ஈட்டியதைவிடப் பன்மடங்கை, ஓர் அலுவலகம் ஒரே பிற்பகலில் ஒளிவருடியின் முன் இழந்துவிடுகிறது.

"இப்போது எல்லாரிடமும் வேகமான இணையம் இருக்கிறதே" என்பார்கள் ஆய்வு நண்பர்கள். என் தகவலாளிகள் பொன்முடிச் சரிவின் தோட்ட லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள். 2019இல் கேரள உயர்நீதிமன்றம் இணைய அணுக்கத்தை உரிமையாக ஏற்றது. மாநிலம் கே-ஃபோன் வடத்தை விரித்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆயினும் லயத்தில் ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு சிக்னல் வரும். அங்கே நான்கு ஆண்டுகளாகச் சொல் கேட்டுத் தொகுக்கிறேன். தொகுத்ததை அவர்களுக்கே திருப்பித் தருவதாக ஒரு பாட்டியிடம் வாக்களித்திருக்கிறேன். அவர் பேத்தி அந்தப் பாறையின் மேல் நின்றுதான் அதை இறக்க வேண்டும்.

அடுத்த மாதம் என் ஆய்வேட்டை ஒப்படைக்கிறேன். விதிமுறை கேட்பது கையொப்பமிட்ட பக்கங்களின் வருடல் கோப்பு ஒன்றை மட்டுமே. அதைத் தருவேன். கூடவே ஒவ்வோர் இயலையும் தனித்தனியாக, ஒருங்குறி எழுத்தாக, சொற்பட்டியலை வெற்று உரைக்கோப்பாகவும் தரப்போகிறேன். வாங்கிக்கொள்ள இடமில்லை என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஒப்படைத்தபோது எவரேனும் இப்படித் தந்தீர்களா, எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்று கீழே எழுதுங்கள்; விண்ணப்பத்தில் முன்னுதாரணமாகக் காட்ட வேண்டும்.