திருமணம் ஒரு தகுதிக் குறைவா?



அண்மையில் தலத்தெருவில் எங்கள் அண்டை வீட்டு மாமி ஒருவர், கைப்பேசியில் வந்திருந்த வேலை அறிவிப்பொன்றைக் கொண்டுவந்து காட்டினார். சென்னைப் பக்கம் மின்னணுத் தொழிற்சாலை. தங்குமிடமும் உணவும் உண்டு. கடைசி வரியில், "திருமணமாகாத பெண்கள் மட்டும்" என்றிருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். "தம்பி, மகளுக்குப் போன மாதம்தானே நிகாஹ் முடிந்தது. இதை மறைத்து எழுதலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆனால் பொய் சொல்லலாமா என்று ஒரு தாயைக் கேட்க வைத்தவர்கள் யார்?

இவ்வழக்கம் ஏதோ சிறு கம்பெனிகளின் அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். திருப்பெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில், மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் செய்தி வெளியிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் மத்திய, மாநில அரசுகளிடம் விளக்கம் கேட்டது. பாக்ஸ்கான் குற்றச்சாட்டை மறுத்தது. 2022இல் சில தவறுகள் நேர்ந்ததையும் அவை திருத்தப்பட்டதையும் சொன்னது. எனினும் தொழிலாளர் துறை அதிகாரிகளிடம் அந்நிறுவனமே தந்த கணக்கைப் பாருங்கள்: 33,360 பெண் ஊழியர்கள், அவர்களில் மணமானவர்கள் ஏறத்தாழ 2,750 பேர். நூற்றுக்கு 8 பேர்!

சொல்லப்பட்ட காரணங்கள் என்ன? குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, விடுப்பு. பிறகு நகை. உலோகம் அணிந்து உள்ளே வரக்கூடாதென்றால், மெட்டியோ நம் வீட்டுக் கருகமணியோ வாயிலில் கழற்றி வைக்கக் கூடியவைதாம். அதற்காக மனுஷியையே வாயிலில் நிறுத்துவார்களா?

இந்த வாதம் புதிதுமன்று. பம்பாயில் ஒரு மருந்து நிறுவனம், பொட்டலமிடும் பிரிவில் வேலை செய்த பெண்கள் மணமுடித்தால் வேலையை விட்டு நீக்கும் விதியை வைத்திருந்தது. தொழிற்சங்கம் வழக்காடியது. 1965இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைத் தள்ளியது. பேறுகால விடுப்பு ஒன்றுதான் வேற்றுமை. அதற்குச் சிலரைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும் என்று சொன்னது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, உலகின் மிகப் பெரும் செல்வந்த நிறுவனங்களுக்குப் பொருள் செய்து தரும் இடங்களில் அதே பேச்சு!

நம் வீட்டு ஆண்களை நினைத்துப் பாருங்கள். மணமுடித்து நாற்பது நாள் நிறையுமுன் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் கப்பலேறிய சபுராளிகள் காரைக்காலில் எத்தனை பேர்! எந்த முதலாளியாவது, "உனக்கு மனைவி இருக்கிறாள், வேலை இல்லை" என்று திருப்பி அனுப்பியதுண்டா? பொறுப்புள்ளவன் என்றல்லவா மதித்தார்கள்? கணவனுக்குச் சிறப்பானது மனைவிக்கு எப்படிக் குறையாகும்?

வேலைக்காக மகளின் நிகாஹைத் தள்ளிப்போடும் பெற்றோரையும் நான் அறிவேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன் அவர்கள் கழுத்தில் இருக்கிறது.

வேலைக்கு ஆளெடுக்கும் முகவர்கள் திருமண நிலையை விளம்பரத்தில் குறிப்பிடக்கூடாதென்று பாக்ஸ்கான் உத்தரவிட்டதாக 2024 நவம்பரில் ராய்ட்டர்ஸ் மீண்டும் எழுதியது. விளம்பரத்திலிருந்து வரி நீங்கியது. நேர்காணலிலிருந்து கேள்வி நீங்கியதா என்பதை, அங்கே போய்வரும் நம் பெண்கள்தாம் சொல்ல வேண்டும். சொல்லுங்கள் சகோதரிகளே, எழுதுங்கள்.

மாமியின் மகளுக்கு நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். "திருமணமானவர்" என்றே நிரப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.