செருப்பு பறந்த இரவு

ஞாயிற்றுக்கிழமை டீயோடு ஒரு பழமைவாதியின் புலம்பல், தம்பி தங்கைகளே.

2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரோடு உறவை முறித்தன. குண்டு விழாத போர். அல் ஜசீராவை இழுத்து மூடு என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. இங்கே கத்தாருக்குப் பரிந்து இணையத்தில் எழுதினாலே 15 ஆண்டு வரை சிறை என்றார்கள்.

2019 ஜனவரியில் அபுதாபியில் ஆசியக் கோப்பை அரையிறுதி. கத்தார் 4-0 என வென்றது. கோல் விழ விழ அவர்கள் வீரர்கள் மேல் செருப்பும் பாட்டிலும் பறந்தன. வீட்டுக்கு வந்த விருந்தாளியை அடிப்பது எந்த ஊர் மரபு?

2021 ஜனவரியில் அல் உலாவில் தலைவர்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். செருப்பை வீசியவன் கையில் மிஞ்சியது என்ன?

டிவி ஊட்டும் கோபம் கடன் வாங்கிய கோபம். கொடுத்தவன் சமாதானமாகிவிடுவான், வட்டியை நீங்கள் கட்டுவீர்கள். பக்கத்து அறைக்காரன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், மேட்ச் பார்க்கக் கூப்பிடுங்கள்.