பழைய காரும் பெயர் மாற்றமும்

2015ஆம் ஆண்டில் குருகிராமில் தொடங்கிய கார்ஸ்24 என்னும் ஸ்தாபனம், பழைய கார்களை இணையத்தின் வாயிலாக வாங்கி விற்று, ஐந்தே ஆண்டுகளில் 100 கோடி டாலர் மதிப்பைக் கடந்தது, தரகரின் வாய்ச்சொல்லையே நம்பவேண்டியிருந்த நடுத்தரக் குடும்பத்தினர் நியாயமான விலைக்கும் ஒழுங்கான பரிசோதனைக்கும் எவ்வளவு ஏங்கியிருந்தனர் என்பதற்குப் பிரத்தியட்சமான சாட்சியாகும்.

ஆயினும், பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்து, பணத்தைப் பெற்றுக்கொண்ட மாத்திரத்தில் விற்றவரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறும்வரை, அந்த வண்டியால் நேரும் விபத்துக்கான நஷ்டஈட்டுப் பொறுப்பு பதிவுபெற்ற உரிமையாளரையே சாரும் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்துள்ளது. இந்த அநீதியைக் களையும் பொருட்டே, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் வண்டியைத் தம் வசம் ஏற்றதும் பதிவு அதிகாரிக்குத் தெரியப்படுத்தும் விதியை, 2023 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டுவந்தது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. பெயர் மாற்றம் முடிந்ததற்கான அத்தாட்சியை விற்றவரின் கையில் சேர்ப்பிப்பதைத் தம் தலையாய கடமையாக இணைய ஸ்தாபனங்கள் கொள்ளவேண்டும்; அங்கீகாரமின்றி வியாபாரம் செய்வோர்மீது போக்குவரத்து அதிகாரிகள் தயவுதாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கவேண்டும்.