தெரிந்தவர் யார்?

சென்ற மார்கழியில் ஓர் இரவு பதினொரு மணிக்கு நம் சங்கத்து அன்பர் ஒருவரின் தந்தையார் காலமானார். இறுதிக் கடன்களைச் சொந்த ஊரிலேயே செய்ய வேண்டும் என்பது குடும்பத்தாரின் விருப்பம். உடலை விமானத்தில் அனுப்ப என்னென்ன சான்றுகள் தேவை, அவற்றை எவரிடம் பெறுவது என்பதெல்லாம் நம் சங்கத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அத்துபடி. இருபது ஆண்டுக் காலம் அப்பணியை ஓசையின்றிச் செய்துவந்த அப்பெரியவர், திருநெல்வேலிக்குத் திரும்பிச் சென்று ஆண்டுகள் இரண்டாகின்றன. நம்மிடம் இருந்ததோ அவரது பழைய தொலைபேசி எண். அது இப்போது பயன்பாட்டில் இல்லை.

விடியும்வரை அலைந்தோம். மருத்துவர் தரும் மரணச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, போலீசாரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டறிந்து பெறுவதற்குள் காலை விமானம் தவறிற்று. துயரத்தில் இருந்த குடும்பம் மாலைவரை காத்திருக்க நேர்ந்தது. விமான நிலையச் சரக்குப் பிரிவில் பணியாற்றும் அன்பர் ஒருவர் ஒன்பது ஆண்டுகளாக நம் உறுப்பினர் என்பதும், அவ்வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிப்பவர் என்பதும் பின்னரே தெரிய வந்தன. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே” என்று அவர் வருந்தியபோது நாம் தலைகுனிந்து நின்றோம்.

அறிவு நம்மிடையே இருந்தது. அதனை அடையும் வழிதான் நமக்குத் தெரியவில்லை.

இக்குறையைத் தீர்க்க நிர்வாகத் துறையினர் கையாளும் முறைக்கு ‘அறிவு வரைபடம்’ என்று பெயர். பெயரைக் கேட்டு மருள வேண்டுவதில்லை. நாட்டுப் படம் ஊரை நம் கையில் தருவதில்லை. ஊர் எங்கே உள்ளது, எவ்வழியே செல்வது என்று காட்டுகிறது. அதுபோலவே இவ்வரைபடமும் எந்த அறிவு எவரிடம் உள்ளது, எந்த ஏட்டில் உள்ளது என்பதைக் காட்டுகிறது. நிறுவனங்களின் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 விதிகளிலும், தன் பணிக்குத் தேவையான அறிவை நிறுவனம் கண்டறிந்து பேண வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தனர்.

எழுதி வைத்த தாள்கள் போதாவோ எனின், போதா. 1969-இல் மனிதரைச் சந்திரனுக்கு ஏந்திச் சென்ற சாட்டர்ன்-5 ராக்கெட்டின் முதல் அடுக்கில் எஃப்-1 எஞ்சின்கள் ஐந்து இருந்தன. 2013-ஆம் ஆண்டையொட்டி நாஸாவின் இளம் பொறியாளர்கள் அவ்வெஞ்சினை மீண்டும் ஆராய முற்பட்டனர். பழைய வரைபடங்கள் இருந்தன. ஆயினும், எஞ்சின்களைக் கையால் பற்றவைத்து உருவாக்கியவர்கள் அவ்வப்போது செய்த நுண்ணிய திருத்தங்கள் பல அவற்றில் ஏறவில்லை. சேமிப்பில் இருந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே பாடம் கற்க வேண்டியதாயிற்று. சந்திரனுக்கு வழி கண்டவர்களுக்கே இந்நிலை எனில், நம் சங்கத்துப் பீரோவில் உள்ள கோப்புகளை மட்டும் நம்பியிருத்தல் தகுமா?

‘எனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிவிட்டால் எனக்கு என்ன மதிப்பு?’ என்று சிலர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். ஜெராக்ஸ் நிறுவனத்தார் 1990-களில் கண்ட அனுபவம் அதற்கு விடை கூறுகிறது. நகல் இயந்திரங்களைப் பழுது பார்ப்போர் கையேட்டில் இல்லாத நுணுக்கங்களை உணவு வேளைப் பேச்சில் பரிமாறிக்கொள்வதைக் கண்டு, அவற்றைத் திரட்ட ‘யுரேகா’ என்னும் ஏற்பாட்டை அமைத்தனர். ஒவ்வொரு நுணுக்கத்தோடும் அதனைத் தந்தவரின் பெயரும் இடம்பெற்றது. சொன்னவரின் மதிப்பு குறையவில்லை. அவர் பெயர் அவர் அறியாத ஊர்களுக்கும் சென்றது.

நாம் செய்யவேண்டியது எளிது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பத்திகள் வரைவோம். முதற்பத்தியில் செய்ய வேண்டிய காரியம். இரண்டாவதில் அதனை அறிந்தவர். மூன்றாவதில் அது தொடர்பான தாள்கள் இருக்கும் இடம். நான்காவதில் அவர் இல்லாதபோது செய்யக்கூடிய மற்றொருவர். ‘உமக்கு என்ன தெரியும்?’ என்று கேட்டால் அடக்கமுடையோர் ஒன்றுமில்லை என்பர். ஆகவே, காரியத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டையில் முகவரி மாற்றம், பெரிய மருத்துவமனையில் முறை பெறுதல், பொங்கல் விழாவுக்கு அரங்க அனுமதி, சங்கத்தின் வரிக் கணக்கு, இறுதிச் சடங்கு என வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ‘இதனைச் சென்ற முறை செய்தவர் யார்?’ என்று வினவுவோம்.

நான்காம் பத்தி வெறுமையாய் உள்ள இடமெல்லாம் நமக்கு ஆபத்து உள்ள இடம். அங்கே சிவப்பு மையால் குறியிட்டு, இளைஞர் ஒருவரை அப்பெரியவருடன் அடுத்த முறை உடன் அனுப்புவோம். கண்ணால் கண்டு கையால் செய்தே பெறவேண்டிய அறிவு அது. உறுப்பினரின் இசைவு பெற்றே அவர் பெயரையும் எண்ணையும் எழுதுதல் வேண்டும். நோட்டு செயலாளரிடமும் துணைச் செயலாளரிடமும் மட்டும் இருக்கட்டும். ஆண்டுதோறும் சித்திரையில் அதனைத் திருத்தாவிடில், பழைய தொலைபேசி எண்ணின் கதையே மீண்டும் நிகழும்.

பணி மாற்றமும் ஓய்வும் நம்மவர் வாழ்வில் ஓயாதவை. ஆண்டுதோறும் சில குடும்பங்கள் வருகின்றன, சில விடைபெறுகின்றன. விடைபெறுவோருக்கு மாலையிட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். இனி அதற்கு ஒரு வாரம் முன்னதாக அவருடன் அமர்ந்து அந்நோட்டையும் நிரப்புவோமாக. திருநெல்வேலிப் பெரியவரின் புதிய எண் இப்போது கிடைத்துவிட்டது. முதற்பக்கத்தை அவரைக் கேட்டே எழுதத் தொடங்கியிருக்கிறோம். இரண்டாம் பக்கத்துக்கு உங்கள் வரவை எதிர்நோக்குகிறோம்.