பட்டமும் பட்டணமும்

“இதற்குத் தமிழில் என்ன ஐயா சொல்வது? அப்பாவிடம் சொல்ல வேண்டும்” என்று கேட்டவாறே, வழவழப்பான தாளில் அச்சிட்ட கையேடு ஒன்றை என் மேசைமீது வைத்தார் அந்த இளைஞர்.

அட்டையிலே ஒரு நகரம். கூரையெல்லாம் கொடி, வீதியெல்லாம் மிதிவண்டி, வானத்திலே ஒரு துளி புகை இல்லை, தெருவிலே ஓர் ஏழை இல்லை! நகரத்தின் நிலைபேறு பற்றிக் கற்பிக்கும் முதுநிலைப் பட்ட வகுப்பிலே அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி. இப்போது முதல் முதுநிலை மாணவர். தந்தை சென்னை வீதிகளிலே குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர். தாய் அடையாற்றிலே நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர். அடையாற்றங்கரைக் குடிசையிலே பிறந்து, 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின்னர் குடும்பத்தோடு பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்குக் கொண்டுபோய் விடப்பட்ட பிள்ளை.

“நிலைபேறு என்பார்கள், தம்பி. பேண்தகைமை என்றும் சொல்வதுண்டு. கெடாமல், குலையாமல், நாளைக்கு வருகிறவனுக்கும் எஞ்சி நிற்கும்படி நகரைப் பேணுவது” என்றேன். சொல்லைக் குறித்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்து வந்தார், முகத்திலே கலக்கத்தோடு.

“சொன்னேன் ஐயா. அப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ‘யாரைப் பேணுறதாம்?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.”

எனக்கும் தெரியவில்லை. கையேட்டை வாங்கிப் புரட்டினேன், அங்கேனும் இருக்கிறதா பார்ப்போம் என்று. கோபன்ஹேகன் இருந்தது. சுவீடன் நாட்டு மால்மோ இருந்தது. 1987இல் நார்வே நாட்டுப் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலே ஐக்கிய நாடுகளின் ஆணையம் தந்த அறிக்கை இருந்தது: இன்றைய தேவையை நிறைவு செய்யும்போது நாளைய தலைமுறையின் தேவைக்கு ஊறு செய்யாதே என்பது அதன் கருத்து. நல்ல கருத்து! ஆனால் அந்த வரையறை அத்தோடு முடிவதில்லை. தேவை என்றால் எவருடைய தேவை என்று அடுத்து அதுவே விளக்குகிறது: உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே தலையாய இடம் என்கிறது. கையேட்டிலே முன்பாதி இருந்தது. பின்பாதியைக் காணோம். மறதி என்று சொல்லலாம். இடம் போதவில்லை என்றும் சொல்லலாம். மிதிவண்டிப் படத்துக்கு முழுப்பக்கம் கிடைத்திருக்கிறது!

உடனே ஒரு நண்பர் குறுக்கிடுவார், எனக்குத் தெரியும். “விடுங்கள் ஐயா! இந்தப் படிப்பெல்லாம் பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு? நாலு காசு வரும் கணினிப் படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்” என்பார். இந்த நண்பரோடும் எனக்கு வழக்குண்டு. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு வயிறு மட்டுமே உண்டு, ஊர் இல்லை என்று இவருக்கு யார் சொன்னது? 2021இல் நிதி ஆயோக் தந்த அறிக்கையைப் பார்க்கட்டும். இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளிலே 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே இல்லை. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளிலே ஒப்புதல் பெற்ற இடங்களே நாலாயிரத்துக்குக் குறைவு. அவற்றிலும் ஏறத்தாழப் பாதி காலி. தமிழ்நாட்டிலோ 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படியே நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். படித்தவர் வேண்டும், பல்லாயிரவர் வேண்டும். அந்தப் பல்லாயிரவரிலே பெரும்பாக்கத்துப் பிள்ளையும் ஒருவராக வேண்டும். பட்டம் வேண்டாம் என்பது என் வாதமன்று. பட்டணத்தைப் பார்க்காத பட்டம் எதற்கு என்பதே வாதம்.

சென்னையைக் கெடுத்தவர் யார்? எழுத்தறியாதவரா? மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பேரேரியை வற்றச்செய்து, 1920களிலே தியாகராய நகரை அதன் படுகையில் எழுப்பியது எழுத்தறியாதவர் வேலையா? நுங்கம்பாக்கத்திலே இன்றும் ‘லேக் ஏரியா’ உண்டு, ஏரி இல்லை. ‘டேங்க் பண்ட் ரோடு’ உண்டு, கரை இல்லை. பெயர்ப்பலகை மட்டும் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரந்து, தென்சென்னையின் மழையையெல்லாம் வாங்கி வைத்துக் கடலுக்கு மெல்ல மெல்ல விட்ட நிலம் அது. அதன்மேலே பெருங்குடிக் குப்பை மேடு, அதையடுத்து அலுவலக மாளிகைகள், ஆராய்ச்சி நிலையங்கள், அகலச் சாலைகள். வரைபடம் வரைந்தவர் பட்டதாரி; ஒப்பமிட்டவர் பட்டதாரி; கடன் கொடுத்தவர் பட்டதாரி; குடியேறியவரும் பட்டதாரி. 2022இல் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலிலே இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். உடல் தேய்ந்து ஒட்டிப்போன பின்னர் உயிருக்குக் காப்புக் கட்டினார்கள்.

ஆற்றங்கரைக் குடிசைக்காரனுக்கு மட்டும் பெயர் ‘ஆக்கிரமிப்பாளன்’. சதுப்பு நிலத்திலே பத்து மாடி எழுப்பியவனுக்குப் பெயர் ‘வளர்ச்சி’. ஒரே மண், ஒரே நீர், இரண்டு பெயர்! 2015 டிசம்பரிலே தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாறு கரை புரண்டது. வெள்ளத்துக்கு வழிவிட வேண்டும், ஆகவே அகல் என்று குடிசைகளைப் பார்த்துக் கூறினார்கள். கொண்டுபோய் வைத்த இடம் எது? இருபது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைக்கு நீர் வடிகின்ற தாழ்நிலம். 2023 டிசம்பரிலே மிக்ஜாம் புயல் வந்தபோது அங்கேயும் வெள்ளம். வெள்ளத்திலிருந்து காப்பாற்றி வெள்ளத்திலே வைத்தார்கள்! ஒன்று சொல்ல வேண்டும்: 1970இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியபோது, குடிசை இருந்த இடத்திலேயே, நகருக்குள்ளேயே அடுக்கு வீடு கட்டித் தருவதே வழக்கமாக இருந்தது. அந்த வீடுகளில் குறையுண்டு. ஆனால் பிழைப்பும் பள்ளியும் மருத்துவமனையும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. அந்த வழியை விட்டு எப்போது விலகினோம், எவர் இலாபத்துக்காக விலகினோம் என்பது ஒரு முதுநிலை மாணவர் ஈராண்டு ஆராயத் தக்க பொருளல்லவா?

இதே நகரம்தான் 2019 கோடையிலே தாகத்தால் தவித்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. சூலைத் திங்களிலே சோலையார்பேட்டையிலிருந்து இருப்பூர்தியிலே தண்ணீர் வந்தது. முதல் வண்டியில் 25 இலட்சம் லிட்டர். நான்காண்டுக்கு முன் மூழ்கிய நகரம், நான்காண்டுக்குப் பின் நீருக்கு வண்டி வைத்தது. மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 2003இலேயே வந்துவிட்டது. வழிகாட்டும் நல்ல சட்டம். குழாய் கூரையிலிருந்து இறங்கிக் குழிக்குள் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று வீடு வீடாகப் பார்க்கிற கால்கள்தாம் போதவில்லை.

கால்கள் என்றதும் ஒருவர் நினைவு வருகிறது. பாட்ரிக் கெடிஸ் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர், உயிர்நூல் அறிஞர். 1914இல் சென்னை ஆளுநர் பென்ட்லண்டின் அழைப்பின் பேரில் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது! ஆம், சென்னை எண்ணெய்க் கிடங்கின்மேல் குண்டு வீசியதே, அதே எம்டன். இன்றும் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோமே, அதே. படமெல்லாம் கடலுக்கடியில் போயின. மனிதர் தளரவில்லை, புதிதாகத் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1915இலே சென்னையில் கண்காட்சி நடத்தினார். தஞ்சைக்கும் மதுரைக்கும் சென்று, சந்து சந்தாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். கொசு என்று காரணம் காட்டிக் குளத்தைத் தூர்க்காதே என்றார். சாலை போடுவதற்காகக் குடியிருப்பை மொத்தமாக இடித்துத் தள்ளாதே, வேண்டிய இடத்திலே சிறிதளவு அறுவை செய்தால் போதும் என்றார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்திலே சமூகவியல் பேராசிரியரானார். அவர் பெயர் இன்றைய பாடநூலில் உண்டு. நூற்றாண்டுக்கு முன் வெள்ளைக்காரர் ஒருவர் நடந்த சந்திலே இன்று நம் மாணவர் செயற்கைக்கோள் படத்தின் வழியாக நடக்கிறார். செருப்பு தேய்வதில்லை.

இதைச் சொன்னால், பழம்பெருமைக்காரர் ஒருவர் துள்ளி எழுவார். “வெள்ளைக்காரன் எதற்கு? பத்தாம் நூற்றாண்டிலேயே உத்தரமேரூரில் ஏரி வாரியம் வைத்து ஆண்டவர் நாம்!” உண்மை. கல்லிலே இருக்கிறது. அதே கல்லிலே இன்னொன்றும் இருக்கிறது: குடவோலையிலே பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். சேற்றிலே இறங்கி நின்றவன் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வழியே இல்லை. அன்று வேதம், இன்று ஆங்கிலம், கட்டணம், நேர்காணல். குடம் மாறியிருக்கிறது.

இனி, மண்ணுக்கடியில் போவோம். நகரம் நிலைத்து நிற்பது எதனால்? எஃகாலா, கண்ணாடியாலா? ஒரு நாள் குப்பை அள்ளாவிட்டால் நாறும். ஒரு வாரம் அள்ளாவிட்டால் நோய் வரும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். போதாதென்று 2013இல் மற்றொன்று. சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தர வேண்டுமென 2014இலே உச்ச நீதிமன்றம் கூறியது; 2023இலே அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது. இறப்பு நிற்கவில்லை. இறங்குவோர் எந்தச் சாதியிலே பிறந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும் என்பதால்! 2025 ஆகஸ்டிலே, தங்கள் மண்டலங்களின் பணியைத் தனியாரிடம் தராதீர் என்று தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாயிலிலே பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்கள். நள்ளிரவிலே காவல்துறை அவர்களை அப்புறப்படுத்திற்று. நகர நிலைபேற்றைப் பற்றி அந்த நடைபாதையிலே கற்க முடிந்ததை எந்த வகுப்பறையிலே கற்பது? கையேட்டிலே ‘திடக்கழிவு மேலாண்மை’ என்றொரு தாள் இருக்கிறது. கழிவு இருக்கிறது, மேலாண்மை இருக்கிறது. அள்ளுகிற ஆள் இல்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2020இலே நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டுவிட்டு, மக்களே கருத்துச் சொல்லுங்கள் என்றது! எண்ணூர் மீனவர் எந்த மொழியிலே படிப்பார்? எல்லா மொழியிலும் தரவேண்டுமென்று தில்லி உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தில்லியைக் கடிந்துகொள்ள நமக்கு உரிமை உண்டு. ஆனால் நம் கல்லூரிகளிலே எழுதப்படும் ஆய்வேடுகள்? வியாசர்பாடியை ஆராய்ந்தது வியாசர்பாடிக்குத் தெரியாது. கொடுங்கையூர்க் குப்பை மேட்டின் புகையை அளந்த கணக்கு, அந்தப் புகையை உறிஞ்சும் தாய்க்குப் புரியாது. ஆய்வேடு ஒவ்வொன்றும் தமிழிலும் எழுதப்பட வேண்டும். எந்தத் தெருவை ஆராய்ந்தாரோ அந்தத் தெருவிலே நின்று, மக்கள் முன்னே படித்துக் காட்டிய பின்னரே பட்டம் தரவேண்டும். தேர்வாளர் மூவர் என்றால் அதில் ஒருவர் அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். “தரம் என்னாவது?” என்று பேராசிரியர் பதறுகிறாரா? கோபன்ஹேகனே 2025க்குள் கரிக்காற்றுச் சமநிலை எட்டுவேன் என்று உலகுக்கு அறிவித்துவிட்டு, 2022இலே முடியாது என்று ஒப்புக்கொண்டது. அதனால் அதன் தரம் குறைந்துவிட்டதா? தன் மக்களிடம் கணக்குக் காட்டிற்று; அவ்வளவே. நம்மிடம் கணக்குக் கேட்கிற இடத்திலே மக்களை வைக்கவே இல்லையே!

இவ்வளவையும் அந்த இளைஞரிடம் ஆர்வத்தோடு கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். முதல் பருவத்துக் களப்பணிக்கான கேள்வித்தாள். இடம்: பெரும்பாக்கம். அவர் குடியிருக்கும் அதே அடுக்கு! வகுப்பு முழுவதும் பேருந்திலே வந்து இறங்கப் போகிறது, நாற்பது கேள்வி, ஆங்கிலத்திலே. விடையளிப்போர் வரிசையிலே அவர் தாயார்.

“பேருந்திலிருந்து இறங்குவதா, அம்மாவோடு வாசலில் நிற்பதா ஐயா?” என்றார்.

இருவரும் உட்கார்ந்து நாற்பதையும் தமிழாக்கினோம். ‘இடமாற்றம் தங்களுக்கு நிறைவளிக்கிறதா?’ என்ற கேள்வியிலே நெடுநேரம் நின்றோம். ‘உங்களைக் கேட்டுத்தான் மாற்றினார்களா?’ என்று நாற்பத்தொன்றாவதை அவரே எழுதிச் சேர்த்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். அம்மா கேள்விகளைப் பார்க்கவில்லை. தேதியையும் நேரத்தையும் பார்த்திருக்கிறார். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. “அந்நேரம் நான் அடையாத்துல பாத்திரம் தேச்சிக்கிட்டு இருப்பேனே. எங்க மாடியில ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு வரச்சொல்லு” என்றாராம்.

கேட்டுப் பார்த்திருக்கிறார். எட்டு மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிடைக்காதாம்.