குற்றம் கருவியினது, தண்டனை கமக்காரருக்கா?

தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் விதித்தது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை கணினியில் எங்கே நிற்கிறது?

உறுதிகளும் கடிதங்களும் இன்றும் பல இடங்களிற் பாமினி எழுத்துருவிலேயே தட்டப்படுகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்து பாருங்கள். தமிழ் மறையும், ஆங்கில எழுத்துக்கள் பல்லிளிக்கும். உள்ளே பதிவாவது தமிழன்று, ஆங்கில எழுத்தின் குறியீடே. ஒருங்குறித் தமிழிற் பெயரைத் தேடினாலும் அகப்படாது. கமக்காரரைப் பார்த்துக் “கணினி அறியாதவர்” என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். பாமினியின் விசையமைப்பை மாற்றாமலே ஒருங்குறியில் தட்டவும் வழியுண்டு. தட்டெழுத்தாளரின் கைப்பழக்கம் கெடாது. ஆகவே சாக்குச் சொல்ல இடமில்லை.

நம் மானிப்பாயில் மருத்துவர் கிறீன், ஆங்கிலம் கற்று வாருங்கள் என்று தமிழரைக் காத்திருக்க வைக்கவில்லை. மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயன்றது இன்று இயலாதா?

ஒருங்குறியில் இயங்காத மென்பொருளை எந்த அலுவலகமும் இனி வாங்கலாகாது. பழைய பதிவுகளும் மாற்றப்படல் வேண்டும். சட்டத்தரணிகளே, கமக்காரப் பெருமக்களே! இதனைச் சலுகையாகக் கேளாதீர், உரிமையாகக் கோருவீர்!