முதல் வாய்த் தண்ணீருக்கு முன்

பக்கவாதத்தால் படுத்தவருக்கு நா வறண்டிருக்குமே என்று ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பது அன்பின் இயல்பு. ஆனால் இந்த நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விழுங்கும் திறன் குலைகிறது. குடித்தது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவாகலாம். இருமலே வராமலும் இறங்கும் என்பதுதான் அஞ்சத்தக்கது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு 2011இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் செவிலியர்கள் நெறிமுறைப்படி கவனித்த பிரிவுகளில், 90 நாட்களில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தோரும் 42 சதவீதம், மற்றவற்றில் 58.

மூன்றும் சேர்ந்து தந்த பலன் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, விழுங்கும் திறனை அறியும் சோதனையின் தனிப்பங்கை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. ஆனால் அச்சோதனை கேட்பது பயிற்சி பெற்ற செவிலியரின் சில நிமிடங்களையும் கொஞ்சம் தண்ணீரையும்தான். விழுங்கல் நிபுணர் இல்லை என்பதும் காரணமாகாது. தேறாதவரை மட்டும் அவரிடம் அனுப்பினால் போதும். சோதனை முடியும்வரை நோயாளியைப் பட்டினி போடுவதா என்போர் கவனிக்க வேண்டும்: தாமதமாகும் சோதனைதான், நன்றாக விழுங்கக்கூடியவரையும் பட்டினி போடுகிறது. மருத்துவமனைக்கு வந்த 4 மணி நேரத்துக்குள், மாத்திரைக்கும் முன்பாக, இச்சோதனையைச் செய்யச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். பக்கவாத சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதை ஏற்று, சோதனை செய்த நேரத்தைக் கேஸ் ஷீட்டில் கட்டாயம் பதிய வேண்டும்.